"அம்மாவுக்கு என்னைவிட அந்தப் பண்ணைதான் முக்கியமா?"

அன்புள்ள மேடம்,

எனக்கு 41 வயது. கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள். என் அம்மா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார், வயது 67. அப்பா 2018-ல் தவறிவிட்டார். நான் ஒரே பெண். எங்களோடு வந்து இரு என்று எவ்வளவோ கேட்டாயிற்று, வர மாட்டேன் என்கிறார். சரி, அது அவர் இஷ்டம். என் பிரச்சினை அது இல்லை.

பிரச்சினை அவர் கையில் இருக்கிற போன். ஹே டே என்று ஒரு விவசாய விளையாட்டு. கோதுமை விதைப்பது, கோழிக்குத் தீனி போடுவது, பால் கறப்பது, ரொட்டி சுடுவது, படகில் பெட்டி பெட்டியாக ஏற்றி அனுப்புவது. காலையில் கண் விழித்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் திறக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போன் செய்தால், "இரும்மா, ஒரு டாஸ்க் முடியப்போவுது, பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுறேன்" என்கிறார். வாரம் முழுக்க வேலை, வீடு என்று ஓடிவிட்டு அம்மாவோடு பேச எனக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள். அன்றைக்கும் நான் காத்திருக்க வேண்டும்.

மே லீவில் பிள்ளைகளோடு போயிருந்தேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிகிறது. அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குக் கிட்டே வைத்து, யாருடைய தோட்டத்திலோ பட்டுப்போன ஆப்பிள் மரத்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். என் பெண் "ஆச்சி, ஆச்சி" என்று தோளைப் பிடித்து உலுக்கினால்தான் நிமிர்ந்து பார்க்கிறார். வயிற்றெரிச்சலாக இருந்தது. சொந்தப் பேத்தி பக்கத்தில் நிற்கிறாள், யாரோ ஒருவரின் மரம் முக்கியமாகப் போய்விட்டது.

பணமும் போகிறது. குடும்ப பென்ஷன் வரும் கணக்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் சின்னச் சின்னதாகக் கழிந்திருந்தது. கேட்டால் விளையாட்டில் வைரம் வாங்கினாராம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் தனக்கு ஒரு புடவை வாங்கக் கணக்குப் பார்க்கிறவர் இதற்குச் செலவு செய்கிறார்.

இதில் எனக்கு இன்னும் ஆத்திரம் என்னவென்றால், ஆரம்பித்துவைத்தது நான்தான். 2010-ல் பேஸ்புக்கில் எல்லோரும் ஃபார்ம்வில் என்ற விவசாய விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் நிலத்தைப் பெரிதாக்க நெய்பர்கள், அதாவது விளையாட்டில் பக்கத்து நிலக்காரராகச் சேரும் நண்பர்கள், போதவில்லை என்று அம்மாவுக்கும் ஒரு கணக்கு ஆரம்பித்து என் நெய்பர் ஆக்கினேன். கல்யாணம், குழந்தை என்று ஆனதும் நான் மறந்தே போய்விட்டேன். அம்மா விடவில்லை. 2020 கடைசியில் அந்த விளையாட்டையே மூடிவிட்டார்கள். அப்போது ஒரு வாரம் உற்சாகமில்லாமல் இருந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்புறம்தான் இந்தப் புது விளையாட்டு.

இப்போது அவருக்கு அதில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. மதுரையில் ஒருத்தர், யாழ்ப்பாணத்தில் ஒருத்தர், மலேசியாவில் ஒருத்தர். எல்லோருக்கும் காலை வணக்கம். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதுவரை தெரிகிறது. என் பெரியவனுக்கு என்றைக்குப் பரீட்சை என்று கேட்டால் தெரியாது. (ஆடி மாதம் அம்மா கொல்லையில் துணி எடுக்கப் போய் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறிவு இல்லை. அதைக்கூட எனக்குச் சொன்னது இந்தக் கூட்டத்தில் இருக்கும் மலேசியாவின் ஈப்போ டீச்சர் ஒருவர்தான். பேஸ்புக்கில் என்னைத் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்பியிருக்கிறார், அது, தெரியாதவர்கள் அனுப்புவது போய்ச் சேரும் மெசேஜ் ரிக்வெஸ்ட்டில் கிடந்து மறுநாள்தான் பார்த்தேன். உடனே அம்மாவைக் கூப்பிட்டு, "போனைப் பாத்துக்கிட்டே நடந்திருப்ப" என்று திட்டினேன். அது வேறு விஷயம்.)

பெற்ற பெண் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், முகம் தெரியாதவர்களுக்கு விடிந்ததும் வணக்கம். இது அடிமைத்தனம் இல்லாமல் வேறு என்ன? பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே கிளினிக் இருக்கிறதாமே, அங்கே அழைத்துப் போகட்டுமா? இல்லையென்றால் தீபாவளிக்குப் போகும்போது என் சித்தி மகனிடம் சொல்லி, அம்மாவுக்குத் தெரியாமல் அந்த விளையாட்டைப் போனிலிருந்து அழித்துவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

ஆலோசகர் பதில்

அன்புத் தோழிக்கு,

ரசம், வைரம், ஞாயிற்றுக்கிழமைக் காத்திருப்பு எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வைப்போம். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு, "அது வேறு விஷயம்" என்று மூடிவிட்டீர்களே, அதைத்தான் நான் பேசப்போகிறேன். அது வேறு விஷயம் இல்லை. நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மா விழுந்தார். உங்களுக்குத் தெரியவில்லை. கடல் தாண்டி இருக்கும் ஒரு டீச்சருக்குத் தெரிந்தது. அவர் உங்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்தச் செய்தியும் ஒரு நாள் திறக்கப்படாமல் கிடந்தது. இதைப் படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அவமானமாக இருந்திருக்கும். அதைவிட, இன்னொரு முறை எழுந்திருக்க முடியாதபடி விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்திருக்கும். பயத்தோடு இருப்பதைவிட ஒரு விளையாட்டின்மேல் கோபப்படுவது சுலபம். ஆடி மாதத்திலிருந்து நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அந்த டீச்சருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தீர்களா? இந்த விளையாட்டில் நெய்பர்ஹுட் என்று ஒன்று உண்டு. முப்பது பேர்வரை அதில் சேரலாம். வாராவாரம் டெர்பி என்று ஒரு போட்டி நடக்கும். பலகையிலிருந்து ஆளுக்கொரு டாஸ்க் எடுத்துக் குறித்த நேரத்துக்குள் முடித்தால் எல்லோருக்கும் சேர்த்துப் புள்ளி. எடுத்ததை ஒருவர் முடிக்காமல் விட்டால் அந்தக் குழு முழுவதற்கும் நஷ்டம். உங்கள் அம்மாவைப் போன்றவர் எடுத்த டாஸ்க்கைப் பாதியில் விட்டால், சாட்டில் காலை வணக்கமும் வராவிட்டால், பழகினவர்கள் அன்றைக்கே "என்னாச்சு அக்கா?" என்று கேட்டுவிடுவார்கள். நீங்கள் பேசுவது ஞாயிற்றுக்கிழமை. அம்மா திங்கட்கிழமை விழுந்திருந்தால்? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஃபார்ம்வில் வேறு மாதிரி. அது 2009 ஜூனில் வந்தது. 2010 தொடக்கத்தில் மாதத்துக்கு 8 கோடிக்கு மேற்பட்டவர்கள் விளையாடினார்கள். ஸ்ட்ராபெர்ரி போட்டால் நாலு மணி நேரத்தில் பழுக்கும், வந்து அறுக்காவிட்டால் வாடிப்போகும். அலாரம் வைத்துக்கொண்டு நள்ளிரவில் எழுந்தவர்கள் உண்டு. போட்டதை இழந்துவிடுவோமோ என்ற பதைப்பைக் கிளப்பி மனிதரைத் திரும்பத் திரும்ப வரவைக்கும் ஏற்பாடு அது. அதை நான் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹே டேயில் பயிர் வாடாது. கோதுமை இரண்டு நிமிடத்தில் விளைந்துவிடும், அதற்கப்புறம் நீங்கள் ஒரு மாதம் கழித்து வந்தாலும் அப்படியே நிற்கும். அப்படிப்பட்ட பயிருக்காக ஒருவர் பல் விளக்காமல் போனைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் அம்மா திறப்பது பயிருக்காக அல்ல, ஆட்களுக்காக. நீங்கள் எரிச்சலோடு பார்த்த ஆப்பிள் மரம்கூட அப்படித்தான். சில அறுவடைக்குப் பிறகு மரம் பட்டுப்போகும், சொந்தக்காரர் உதவி கேட்டு ஒரு பலகை நட்டுவைப்பார், வேறொருவர் வந்து தொட்டால்தான் அது மறுபடி காய்க்கும். அன்றைக்கு அம்மா செய்துகொண்டிருந்தது அந்த உதவி. பேத்தி கூப்பிட்டதும் நிமிர்ந்திருக்கலாம், அதில் நான் உங்கள் பக்கம்தான்.

வருடங்களையும் கொஞ்சம் வரிசையாக வைத்துப் பாருங்கள். 2018-ல் கணவர் போனார். 2020-ல் ஊரடங்கு, வாசலைத் தாண்ட முடியாது. அந்த வருடம் டிசம்பர் 31 அன்று, அந்த விளையாட்டு ஓடத் தேவையான ஃப்ளாஷ் மென்பொருளுக்கு ஆதரவு நின்றுபோனதால் ஃபார்ம்வில்லை மூடினார்கள். நீங்கள் நெய்பராகச் சேர்த்துவிட்டு, பத்து வருடத்துக்கு மேல் அவர் பார்த்துக்கொண்ட இடம் அது. ஒரு வாரம் அம்மா உற்சாகமில்லாமல் இருந்தார், நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அதற்கப்புறம் அவர் உங்களிடம் வந்து ஒரு குறையும் சொல்லாமல், தானே வேறு இடத்தைத் தேடி, தானே ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அறுபதைத் தாண்டிய ஒரு பெண், தனியாக இருந்துகொண்டு இதைச் செய்திருக்கிறார். நான் அவரைப் பாராட்டுவேன்.

நிம்ஹான்ஸ் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், 2014-லிருந்து ஷட் கிளினிக் என்ற பெயரில் அங்கே இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல இடம். உலக சுகாதார நிறுவனமும் விளையாட்டுக் கோளாறை 2022-ல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதற்கு என்ன அடையாளம்? ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளிவிடுவது, கெடுதல் கண்முன்னே தெரிந்தும் விடாமல் தொடர்வது, இவை வழக்கமாக ஒரு வருடத்துக்குக் குறையாமல் நீடிப்பது. உங்கள் அம்மா சமைக்கிறார், வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்கிறார். கூப்பிடுவதில்லை என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. பொங்கின ரசத்தை வைத்துக்கொண்டு ஒருவரை நோயாளி என்று சொல்லிவிட முடியாது.

இனி, நீங்கள் வருத்தப்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அம்மா விழுந்ததை உங்களிடம் ஏன் சொல்லவில்லை? தகவல் தெரிந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி "வலிக்குதாம்மா?" என்பது அல்ல. "போனைப் பாத்துக்கிட்டே நடந்திருப்ப" என்றீர்கள். துணி எடுக்கப் போனவரை! அதில் பதில் இருக்கிறது. எது நடந்தாலும் போன்தான் காரணம் என்ற தீர்ப்பு தயாராக இருக்கும்போது, அவர் உங்களிடம் எதையும் கொண்டு வர மாட்டார். டீச்சரிடம் சொல்வார். நீங்கள் பாசமில்லாத பெண் என்று நான் சொல்லவில்லை. கணக்கைப் பார்க்கிறீர்கள், கூட வந்து இருக்கச் சொல்கிறீர்கள், லீவுக்குப் போகிறீர்கள். ஆனால் இப்போதைக்கு உங்கள் பேச்சில் அம்மா காதில் விழுவது கண்டிப்பு மட்டும்தான்.

அதனால் அந்த விளையாட்டை அழிக்கும் எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அதுவும் அம்மாவுக்குத் தெரியாமல், தீபாவளியன்று, சித்தி மகனை வைத்து! பெரியவர் ஒருவரின் நட்பு வட்டத்தை அவர் தூங்கும்போது கலைக்கிற வேலை அது. நீங்கள் கோவைக்கு பஸ் ஏறியபிறகு அந்த வீட்டில் அவர் நலம் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் பயம் பெரிதாகும், குறையாது.

வைரம் வாங்குவதற்கு மாதம் இவ்வளவு என்று அவரையே ஒரு தொகை சொல்லச் சொல்லுங்கள், வாங்கும்போது பாஸ்வேர்டு கேட்கும்படி போனில் வைத்துக்கொடுங்கள், போதும். முகம் தெரியாத யார் கடன் கேட்டாலும், ஓடிபி கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று ஒருமுறை பக்குவமாகச் சொல்லுங்கள். அதைவிட அவசரம் கொல்லைப்புறம். வழுக்கும் இடத்தைச் சொரசொரப்பாக்கி, ஒரு கைப்பிடியும் விளக்கும் போடுங்கள். விழுந்ததற்குப் பிறகு அவரை டாக்டரிடம் காட்டினீர்களா என்று கடிதத்தில் இல்லை. ரத்த அழுத்தம், எலும்பின் உறுதி, கண் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனை மூக்குக்குக் கிட்டே வைக்கிறார் என்றால் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கலாம், கண்ணில் புரை இருக்கலாம். தடுக்கி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட பேச்சு இருக்கட்டும். அதோடு தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்ற விசாரணை வேண்டாம். படகு கிளம்பிவிட்டதா, டெர்பியில் எத்தனையாவது இடம் என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் அம்மாவுக்குச் சந்தேகமாக இருக்கும், கேலி செய்கிறாள் என்று நினைப்பார். விடாமல் கேளுங்கள்.

ஈப்போ டீச்சருக்கு நீங்கள் இதுவரை பதில் எழுதியதாகத் தெரியவில்லை. இன்றைக்கே எழுதி, நன்றி சொல்லி, உங்கள் போன் நம்பரையும் கொடுத்துவையுங்கள். அவர் சொல்வது இன்னொரு முறை மெசேஜ் ரிக்வெஸ்ட்டில் கிடக்க வேண்டாம்.