நார்சிசக் குணம் (தன்னையே பெரிதாக நினைத்து எப்போதும் பாராட்டை எதிர்பார்க்கும் குணம்) கொண்ட ஒருவர் தலைமைப் பொறுப்பில் இருந்தால் அலுவலகம் எப்படிப் பாதிக்கப்படும்?

கெட்ட செய்தி அவர் காதுக்குப் போவது நின்றுவிடும். திட்டுவது, அடுத்தவர் உழைப்பில் பெயர் வாங்குவது எல்லாம் உண்டுதான். ஆனால் நான் பார்த்தவரை பெரிய சேதம் இங்கேதான் தொடங்குகிறது.

சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அப்படியொரு மேலாளர் இருந்தார். பேச ஆரம்பித்தால் கிளையண்ட் மயங்கிவிடுவார். ஒரு ரிலீசுக்கு முந்தைய நாள், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்படுவதை டெஸ்டிங்கில் இருந்த பெண் கண்டுபிடித்தார். "சார்கிட்ட இப்பப் போகாதம்மா, எல்லாம் ரெடின்னு காலையிலதான் கிளையண்ட்கிட்ட சொல்லியிருக்கார்" என்று டீம் லீட் தடுத்துவிட்டார். லீட் கெட்டவர் இல்லை. முன்பு இதேபோல் பிழை சொன்ன ஒருவரிடம், "என்னைக் கவுக்கணும், அதானே?" என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டதைப் பார்த்தவர். பிழை அப்படியே வெளியே போனது. பழியோ அந்தப் பெண் தலையில் விழுந்தது. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பார்போரா நெவிக்கா குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. மூன்று பேர் கொண்ட குழுக்கள், ஒருவர் தலைவர், ஒரு வேலைக்குச் சரியான ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில தகவல்கள் ஒருவரிடம் மட்டுமே இருக்கும், பேசிப் பகிர்ந்தால்தான் நல்ல ஆள் யாரென்று தெரியும். நார்சிசம் அதிகமுள்ள தலைவர்களைக் குழுவினர் திறமைசாலிகள் என்றே நினைத்தார்கள். ஆனால் அந்தக் குழுக்களில் தகவல் பகிர்வு குறைந்தது, தேர்வும் மோசமானது. பதவி உயர்வு இவர்களுக்கே சுலபமாகக் கிடைப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

துணிச்சலான முடிவுகளால் சில நிறுவனங்கள் இவர்களிடம் பெரிதாக வளர்வதும் உண்டு, மறுக்கவில்லை. அப்புறம், ஆளுமைக் கோளாறு வேறு, இந்தக் குணங்கள் வேறு. கோளாறு என்று சொல்ல வேண்டியவர் மனநல மருத்துவர். உங்கள் மேலாளருக்கு நீங்களே அந்த முத்திரை குத்தாதீர்கள்.

அவருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள் என்றால், பிரச்சினையைக் கூட்டத்தில் போட்டு உடைக்காமல் தனியாகச் சொல்லுங்கள். சொன்ன கையோடு, என்ன சொன்னீர்கள் என்பதை அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் அப்படியொரு மின்னஞ்சல் இருந்திருந்தால் பழியை அவர் மேல் போட்டிருக்க முடியாது.