பல்கலைக்கழகங்களின் நகரத் திட்டமிடல், கொள்கைத் துறைகளில் என்னதான் ஆராய்கிறார்கள்?

ஓர் ஊரில் நிலம், சாலை, வீடு, போக்குவரத்து எப்படி அமையவேண்டும், அதற்கு என்ன விதிகள் தேவை என்று ஆராய்கிற துறைகள் இவை. விதி எழுதுவது எளிது. அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பது பொறுமையாகத் தரவு திரட்டினால்தான் தெரியும்.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஷூப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிங் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். ஒவ்வொரு கட்டடத்திலும் இத்தனை கார்களுக்கு இடம் கட்டாயம் என்ற விதியால் வாடகையும் கடைப் பொருள்களின் விலையும் ஏறுகின்றன, கார் இல்லாதவரும் அதைச் சுமக்கிறார் என்று காட்டினார். ஹோட்டலில் எல்லார் சாப்பாட்டு பில்லிலும் பாயசத்தைச் சேர்ப்பது போல; வேண்டாதவரும் காசு கொடுத்தாக வேண்டும். சாதாரண விஷயம்போலத் தோன்றும், ஆனால் ஏழைகளைத்தான் அது அதிகம் வதைக்கிறது. 2022-இல் கலிஃபோர்னியா, முக்கியப் பொதுப் போக்குவரத்து நிறுத்தங்களிலிருந்து அரை மைலுக்குள் பெரும்பாலும் அந்தக் கட்டாயத்தை நீக்கிச் சட்டம் இயற்றியது.

இந்தத் துறைகளில் கட்டடம் வரையத்தான் கற்றுத்தருகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது கட்டடக்கலை, இங்கே பொருளாதாரமும் சட்டமும் புள்ளியியலும்தான் அதிகம்.