பச்சையப்பன் கல்லூரி ஆசிரியராக இருந்த க. அன்பழகனின் சட்டமன்ற வாழ்க்கை எப்படி அமைந்தது?

1922 டிசம்பர் 19 அன்று திருவாரூர் அருகே காட்டூரில் பிறந்து, இராமையா என்ற இயற்பெயரை அன்பழகன் என மாற்றிக்கொண்ட அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை முடித்து, 1944 முதல் 1957 வரை சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 'பேராசிரியர்' என்ற அழைப்பு அந்த வேலையிலிருந்து வந்ததே. பின்னர் வகித்த எந்தப் பதவியின் பெயரும் அதை மறைக்கவில்லை.

தி.மு.க. முதன்முறையாகத் தேர்தலில் நின்ற 1957இல், எழும்பூரில் வென்று சட்டமன்றம் சென்றார். அடுத்து மேலவையிலும், 1967 முதல் திருச்செங்கோடு உறுப்பினராக மக்களவையிலும் இருந்துவிட்டு, 1971இல் மாநில சுகாதார அமைச்சரானார். ஆசிரியராக இருந்தவருக்குக் கல்வித்துறை 1989இல்தான் கிடைத்தது என்பது சற்று வியப்பளிக்கிறது. 2006 முதல் 2011 வரை நிதியமைச்சராக இருந்தார்.

என் பார்வையில், அவரது சட்டமன்ற வாழ்க்கையில் கூடுதல் கவனத்துக்குரியவை பதவியை இழந்த தருணங்களே. இலங்கைத் தமிழர் படுகொலையைக் கண்டித்து 1983இல் கருணாநிதியுடன் உறுப்பினர் பதவியைத் துறந்தார். மீண்டும் வென்றவர், இந்தித் திணிப்புக்கு எதிரான போராட்டத்தில் அரசியலமைப்புச் சட்டப் பகுதியை எரித்ததற்காக 1986இல் மேலும் ஒன்பது பேருடன் பதவி நீக்கப்பட்டார். 1977 முதல் 2020 மார்ச் 7இல் மறையும்வரை கட்சியின் பொதுச்செயலாளராகவும் அவரே இருந்தார்.