ரங்கூனில் படித்த சரத்சந்திரர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கோயிலை ஒட்டி ஒரு சின்னப் படிப்பகம் நடத்துகிறோம். தேவாரம், திருக்குறள், பழைய நாவல்கள் என்று இரண்டு அலமாரி. வங்க எழுத்தாளர் சரத்சந்திரர் இந்த ஊரில் குமாஸ்தாவாக இருந்தார், இங்கே ஓர் இலவச நூலகத்தில்தான் நிறையப் படித்தார் என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மையா? அவர் படத்தை மாட்டலாம் என்றேன். “தமிழ்ப் படிப்பகத்தில் வங்காளி படம் எதற்கு?” என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், யாங்கோன்

அன்புள்ள தம்பி,

பெரியவர் சொன்னது உண்மைதான். எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வுக்குப் பணம் கட்ட வழியில்லாமல் படிப்பை விட்டவர் சரத். 1903 தொடக்கத்தில், 26 வயதில், ரங்கூன் வந்தார். 1916 வரை அங்கேதான். பெரும்பாலும் பொதுப்பணித் துறைக் கணக்கு அலுவலகத்தில் வேலை. குடியிருந்தது மிஸ்திரிகளும் பட்டறைத் தொழிலாளிகளும் வாழ்ந்த பகுதியில். மனைவியையும் பச்சைக் குழந்தையையும் பிளேக் கொண்டுபோனதும் அந்த ஊரில்தான்.

அவர் போய்ப் படித்தது பெர்னார்ட் இலவச நூலகம். 1883-ல் தொடங்கியது. 1952-ல் உங்கள் தேசிய நூலகம் உருவானபோது அதன் நூல்களை வைத்தே தொடங்கினார்கள்.

சரத் என்றாலே நம் ஊரில் ‘மனதை உருக்குபவர்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். தேவதாஸ் படம் பார்த்தவர்கள் சொல்வது அது. அவர் எவ்வளவு கடுமையான படிப்பாளி என்பதை யாரும் பேசுவதில்லை. 1912-ல் அவர் வீடு தீப்பிடித்தது. ‘சரித்ரஹீன்’ நாவலின் கையெழுத்துப் பிரதி, பெண்களின் வரலாறு பற்றி எழுதிவைத்திருந்த பக்கங்கள், சொந்தமாகச் சேர்த்த புத்தகங்கள் எல்லாம் சாம்பல். அதைப் பற்றி நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பத்து ஆண்டுகளில் உடலியல், உயிரியல், உளவியல், கொஞ்சம் வரலாறு படித்ததாகச் சொல்கிறார். நாவல் படித்ததாக அல்ல, கவனியுங்கள். மறு ஆண்டே ‘நாரீர் மூல்ய’ (பெண்ணின் மதிப்பு) என்ற கட்டுரையை, அனிலா தேவி என்று தன் அக்காவின் பெயரில், ‘யமுனா’ இதழில் எழுதினார். பல நாட்டுச் சமூகங்கள் பெண்ணை எப்படி நடத்தின என்று ஆதாரங்களை அடுக்கி வாதிடும் கட்டுரை அது. எரிந்துபோன சரித்ரஹீனையும் மறுபடி உட்கார்ந்து எழுதினார்; 1917-ல் நூலாக வந்தது.

பட்டம் இல்லாத ஒரு குமாஸ்தாவுக்கு ஹெர்பர்ட் ஸ்பென்சர் போன்ற ஆங்கிலத் தத்துவவாதியின் நூல்கள் எப்படிக் கிடைக்கும்? விலைக்கு வாங்க முடியுமா? காசு கேட்காத ஒரு நூலகம் ஊரில் இருந்தது, அவ்வளவுதான். கிரணமயி மாதிரி ஒரு பெண் சரித்ரஹீன் நாவலில் அத்தனை கூர்மையாக வாதம் செய்வதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படிப்புதான் நினைவுக்கு வரும்.

ஆகவே படத்தைத் தாராளமாக மாட்டுங்கள். பக்கத்திலேயே வெ. சாமிநாத சர்மா படத்தையும் மாட்டுங்கள். 1937 முதல் ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்தியவர். 1942-ல் குண்டுவீச்சுக்குப் பின் மனைவி மங்களம் அம்மாளோடு நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். உலக அரசியலைத் தமிழில் படிக்கக் கொடுத்த மனிதர். உங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயராவது தெரிய வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை அந்த இரண்டு அலமாரியைப் பற்றித்தான். தேவாரமும் குறளும் இருக்கட்டும். கூடவே அறிவியல், வரலாறு, பர்மிய மொழி நூல்கள், ஆங்கில நூல்கள் வேண்டும். பள்ளியில் பர்மியம் படிக்கும் பிள்ளை தமிழ் மட்டும் உள்ள அறைக்குள் எத்தனை நாள் வரும்? வேலை விட்டு வருகிறவர்களுக்காகச் சாயங்காலம் திறந்து வையுங்கள்; சந்தா வேண்டாம்.

அப்புறம் ஒன்று. 1964 வாக்கில் நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேறியபோது விட்டுவிட்டுப் போன தமிழ்ப் புத்தகங்கள், சிறப்பு மலர்கள், கல்யாணப் பத்திரிகைகள்கூட, பழைய வீடுகளின் பரணில் இன்னும் இருக்கலாம். அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு நாலு வீடு ஏறி இறங்குங்கள். கிடைப்பதைக் கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். சரத்தின் ‘ஸ்ரீகாந்தன்’ தமிழ் மொழிபெயர்ப்பு என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் ரங்கூன் கப்பலும் குவாரன்டீனும் வரும். முகவரி எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.