குடியிருப்புத் தெருவில் கொலுசுப் பட்டறை: வணிக வரி கட்டினால் போதுமா?

கேள்வி: சேலத்தில், நகர் ஊரமைப்புத் துறை அங்கீகரித்த மனைப்பிரிவில் என் தந்தை கட்டிய வீடு உள்ளது. மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். கீழ்த்தளத்தைக் கொலுசுப் பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். கம்பி இழுக்கும் மெஷினும் மெருகு போடும் மெஷினும் ஓடுகின்றன. மின் கட்டணம், சொத்து வரி இரண்டையும் வணிக வீதத்திலேயே செலுத்துகிறோம். அக்கம்பக்கத்தார் புகார் செய்ததால், அனுமதியின்றிக் கட்டட உபயோகத்தை மாற்றியதாக நோட்டீஸ் வந்துள்ளது. கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட மாற்றவில்லையே, இந்த நோட்டீஸ் செல்லுமா?

பதில்: செங்கல்லை மாற்றவில்லை என்ற வாதம் உங்களுக்கு உதவாது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், கட்டுவதை மட்டும் ‘வளர்ச்சி’ என்று சொல்லவில்லை. நிலத்தின் அல்லது கட்டடத்தின் உபயோகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் செய்வதையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. ஆகவே வீடாக இருந்த தளத்தில் பட்டறை நடத்துவதற்கும் 49-ஆம் பிரிவின்கீழ் திட்ட அனுமதி பெற்றிருக்க வேண்டும். அப்படி அனுமதி தரும்போதும், நகரின் எந்தப் பகுதியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) அந்த இடத்துக்கு என்ன உபயோகத்தைக் குறித்திருக்கிறதோ அதை ஒட்டியே தர முடியும்.

வணிக வீதத்தில் வரி கட்டியதை உங்கள் பக்கத்தின் பலமான ஆதாரமாக நீங்கள் கருதுவது புரிகிறது. பலரும் இப்படி நம்பித்தான் ஏமாறுகிறார்கள். மாநகராட்சியின் வருவாய்ப் பிரிவும் மின்வாரியமும் கட்டடம் இப்போது எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பார்த்துக் கட்டணம் வசூலிக்கின்றனவே தவிர, அப்படிப் பயன்படுத்தலாமா என்று அவை தீர்மானிப்பதில்லை. பட்டாவும் கிரயப் பத்திரமும் நிலம் யாருடையது என்பதைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பதை, புல எண் (சர்வே நம்பர்) வாரியாக முழுமைத் திட்டமும், அதன் கீழ் ஒரு பகுதிக்கென்று தனியே வகுக்கப்படும் விரிவான அபிவிருத்தித் திட்டம் இருந்தால் அதுவும், 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுமே சொல்கின்றன.

எனவே முதல் வேலையாக, உங்கள் புல எண் எந்த உபயோகப் பகுதியில் வருகிறது என்பதை உள்ளூர் திட்டக் குழுமத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். பதில் தாமதமானால் 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். அலுவலகத்தில் பிரைமரி ரெசிடென்ஷியல் என்று சொல்லப்படும் ஆதாரக் குடியிருப்புப் பகுதியாக அது இருந்தால், அங்கு வசிக்கும் மருத்துவரோ வழக்கறிஞரோ வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஆலோசனை அறை, அன்றாடத் தேவைக்கான சிறு கடை, ஒருவர் மட்டும் அமர்ந்து தைக்கும் தையல் கடை போன்றவற்றுக்கு இடமுண்டு. மெஷினும் அமிலமும் புழங்கும் பட்டறையை அந்த வரிசையில் சேர்த்து வாதிட முடியாது. கலப்புக் குடியிருப்புப் பகுதியாக இருந்தால் நிலைமை வேறு. அங்கே சிறு தொழில்களுக்கு ஓரளவு இடம் தரப்பட்டிருப்பதால், மோட்டாரின் குதிரைத்திறனும் பட்டறையின் பரப்பும் விதிகள் அனுமதிக்கும் அளவுக்குள் அடங்குகின்றனவா என்று பார்த்து, உபயோக மாற்றத்துக்கான திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மாநகராட்சியின் தொழில் உரிமமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் அதற்குப் பிறகு வருபவை. அவற்றில் எதுவும் திட்ட அனுமதிக்கு ஈடாகாது.

உங்கள் மனையின் வகைப்பாட்டையே மாற்றித் தருமாறு சட்டத்தின் 32-ஆம் பிரிவின்கீழ் கோரலாம் என்று சிலர் யோசனை சொல்லக்கூடும். வழி இருப்பது உண்மைதான். ஆனால் அகலமான சாலையில், இருபுறமும் கடைகள் வந்துவிட்ட இடத்துக்கு அது பொருந்தலாமே தவிர, வீடுகள் சூழ்ந்த தெருவின் நடுவே ஒரே ஒரு மனையை, அதுவும் அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கும்போது, மாற்றித் தருவார்கள் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பல ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை என்பதும் பயன் தராது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், குடியிருப்புக்கு ஒதுக்கிய மனையில் கடைகள் எழுப்பப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 17.12.2024 அன்று தீர்ப்பளித்தது. காலம் கடந்ததும், அதிகாரிகள் வாளாவிருந்ததும், பணம் முடக்கியதும் விதிமீறலைச் சரியாக்கிவிடாது என்று அதில் திட்டவட்டமாகக் கூறியுள்ளது. விதிமீறிய கட்டடங்களில் தொழில் நடத்த எந்த அதிகாரியும் உரிமம் வழங்கக் கூடாது என்றும் நாடு முழுவதற்குமாக உத்தரவிட்டிருக்கிறது.

அமிலப் புகையும் இரைச்சலும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் முதியவர்களையும் எந்த அளவுக்கு வருத்தும் என்பதை நீங்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். குடியிருப்பையும் தொழிலையும் சட்டம் பிரித்து வைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

நோட்டீசில் குறிப்பிட்ட கெடு முடிவதற்குள் எழுத்துமூலம் பதில் கொடுத்து, அதன் நகலில் பெறுகை முத்திரை வாங்கிவிடுங்கள். கலப்புக் குடியிருப்புப் பகுதி எனத் தெரிந்தால் 49-ஆம் பிரிவின்கீழான விண்ணப்பத்தையும் அதே கெடுவுக்குள் கொடுங்கள். ஆதாரக் குடியிருப்பு எனத் தெரிந்தால், மெஷின்களை நிறுத்தச் சொல்லி வாடகைதாரருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பட்டறையை வேறிடத்துக்கு மாற்ற நியாயமான அவகாசம் வேண்டும் என்று உங்கள் பதிலில் அந்த அறிவிப்பின் நகலையும் இணைத்துக் கேளுங்கள். அதையும் மீறிப் பூட்டி முத்திரையிடும் உத்தரவு வந்தால், சட்டத்தின் 80-ஏ பிரிவின்கீழ் அரசிடம் முறையிட வேண்டியிருக்கும். அப்போது முதலில் கேட்கப்படுவது நீங்கள் கொடுத்த பதிலின் நகல்தான்.