முதலுதவிப் பெட்டி: கேட்டதும் சொன்னதும்

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், குடியிருக்கிறோம். வீட்டுக்கும் பயணத்துக்கும் முதலுதவிப் பெட்டி வைப்பது பற்றிக் கேளுங்கள் என்றதும், என்ன மாத்திரை வாங்கலாம் என்றுதான் பாதிப் பேர் ஆரம்பித்தார்கள். என் பெட்டியில் மாத்திரை குறைவு, துணிதான் அதிகம்.

அக்கா, புதுசா ஒரு பெட்டி வாங்கிட்டேன். கட்டாயம் என்னென்ன இருக்கணும்? (ஈரோடு)

காயத்தின் மேல் வைக்கும் சுத்திகரித்த காஸ் (gauze) துணிப் பொட்டலம் பத்து. ரோலர் பேண்டேஜ் சின்னதும் பெரியதுமாக நாலு. சுளுக்குக்கு ஒரு கிரேப் பேண்டேஜ், ஒட்டுவதற்குக் காகித டேப், சின்னக் காயத்துக்கு பிளாஸ்டர், கையுறை இரண்டு ஜோடி, முள் எடுக்க இடுக்கி, காயத்தில் கிருமி சேராமலிருக்கப் போவிடோன் அயோடின் களிம்பு, ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் ஐந்து, பாராசிட்டமால், தெர்மாமீட்டர், டார்ச். அப்புறம் கத்தரிக்கோல்.

கத்தரிக்கோலைக் கடைசியில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. போன ஐப்பசியில் பேரன் வாசற்படியில் விழுந்து புருவத்துக்கு மேல் கிழித்துக்கொண்டான். ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்தால் கத்தரிக்கோலைக் காணோம். அடுப்படியில் பால் பாக்கெட் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வார்டில் தினமும் சாமான் எண்ணி ஒப்படைத்தவள் வீட்டு லட்சணம் இது. டேப்பைப் பல்லால் கடித்துத்தான் ஒட்டினேன். இப்போது கத்தரிக்கோல் நாடா போட்டுப் பெட்டிக் கைப்பிடியோடு கட்டிக் கிடக்கிறது.

பெட்டியை பாத்ரூம்ல வைக்கலாமுங்களா? கார்ல?

இரண்டும் வேண்டாம். ஈரமும் சூடும் மருந்துக்கு ஆகாது. சித்திரை வெயிலில் காங்கேயம் ரோட்டில் நிறுத்திய காரைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். காரில் துணியும் டேப்பும் மட்டும் கிடக்கட்டும். மாத்திரை கைப்பையில் வரட்டும்.

நாங்க மஞ்சக்காட்டுக்காரங்க. வெட்டுக்காயத்துக்கு மஞ்சத்தூள் வைக்கறது தப்புங்களா? (சிவகிரி)

மஞ்சள் மேல் எனக்கு விரோதமில்லை. 2019இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது, எனக்கும் பெருமைதான். ஆனால் திறந்த காயத்துக்குள் போட வேண்டாம். அரைத்த தூள் சுத்தமானது இல்லை. தையல் போடும் முன் அத்தனையையும் கழுவி எடுக்க வேண்டும், அந்த வலியை வார்டில் நிறையப் பார்த்துவிட்டேன். காபித்தூளும் அப்படித்தான்.

குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். காஸ் துணியை மடித்து வைத்து 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் ‘நின்னுருச்சா’ என்று தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. மண்வெட்டி, அரிவாள் பட்ட மண் காயமாக இருந்து, கடைசி டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

தையல் மிஷின் ஊசி விரல்ல ஏறினா என்ன செய்யணும்? (திருப்பூர்)

முதலில் மிஷினை நிறுத்துங்கள். ஊசி நகத்தோடு கோத்துக்கொண்டு நின்றால் நீங்களே பிடுங்காதீர்கள், உள்ளே ஒடியும். மிஷினிலிருந்து ஊசியைக் கழற்றி, விரலோடு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெளியே வந்துவிட்டால் முனை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒடிந்த ஊசித் துண்டுகளைச் சேர்த்து நோட்டில் ஒட்டும் வழக்கம் உங்கள் கம்பெனியிலேயே இருக்குமே. சட்டைக்குள் துண்டு போகக் கூடாது என்று பார்க்கிற கணக்கை விரலுக்கும் பாருங்கள். துண்டு குறைந்தால் எக்ஸ்ரே.

குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எது வைக்கறது, சொட்டா சிரப்பா? (பெருந்துறை)

எது வைத்தாலும் ஒன்று மட்டும் வையுங்கள் கண்ணு. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கே 120, 125 அல்லது 250தான். இரண்டும் வீட்டில் இருந்தால் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அளவு மாறிப் போகும். குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறோம். கால் கொப்புளத்துக்கு என்ன எடுத்துக்கலாம்?

உடையாத கொப்புளத்தை உடைக்காதீர்கள், அந்தத் தோல்தான் உங்கள் பேண்டேஜ். காஸ் துணியை மெத்தென்று வைத்து டேப் ஒட்டுங்கள். தானாக உடைந்தால் கழுவி, தோலைப் பிய்க்காமல் மூடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் நடப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். உணர்ச்சி மரத்த காலில் முள் ஏறினால் தெரியாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுதையும், அதன் மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்குங்கள். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் கலக்கினால் அளவு கெட்டுவிடும்.

வால்பாறை போறோம். வாந்தியும் அட்டையும்தான் பயம்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி மாத்திரையை மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், ஒன்பதாவது வளைவில் போட்டுப் பயனில்லை. வண்டி ஓட்டுபவர் போடக் கூடாது, தூக்கம் வரும். அட்டையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள். அது ரத்தம் உறையாமல் செய்துவிடும் என்பதால் வெகுநேரம் கசியும். அழுத்திக் கட்டினால் போதும்.

பாம்புக்கடிக்குப் பெட்டியில என்ன வைக்கலாம்? (பொள்ளாச்சி, தென்னந்தோப்பு)

மருந்து எதுவும் இல்லை. விஷமுறிவு மருந்தை ஆஸ்பத்திரியில்தான் ஏற்ற முடியும். அதுவே ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் பக்கத்தில் ஆள் நின்று கவனிக்க வேண்டும். கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது. இறுக்கிக் கட்டிய கயிற்றால் கால் கறுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுங்கள், வீக்கம் வரும். எலும்பு முறிந்த காலை வைப்பது போலக் கட்டையோடு சேர்த்து அசையாமல் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் 108இல் ஏற்றுங்கள்.

கட்டுவிரியன் கடித்தால் வலியே இல்லாமல் போகலாம். தரையில் படுத்தவர் விடியற்காலம் வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை என்றால், அஜீரணம் என்று சோடா கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். டார்ச்சைப் பெட்டியில் சேர்க்கச் சொன்னேனே, ராத்திரி மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

சுட்டுக்கிட்டா பேஸ்ட் தடவலாமா?

கூடாது. ஐஸும் வேண்டாம். குழாயடியில் 20 நிமிடம்.

அப்பாவும் அம்மாவும் தோட்டத்துல தனியா இருக்காங்க, நான் பெங்களூர்ல. அவங்க பெட்டிக்கு வேற ஏதாவது? (தாராபுரம்)

ஒரு காகிதம். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதைப் பெரிய எழுத்தில், ஒத்துக்கொள்ளாத மருந்து, உங்கள் நம்பர். அதன் கீழே வீட்டுக்கு வழி. தோட்டத்துக்கு ஏது கதவு எண்? 108இல் கேட்கும்போது பதற்றத்தில் வாய் குழறும், பார்த்துப் படித்தால் போதும். எங்கள் பெட்டி மூடியில் நான் எழுதி ஒட்டியது: ‘வாய்க்கால் பாலம் தாண்டி இடதுபக்க மண்பாதை, இரண்டாவது புளியமரம், ஊதா கேட்.’ ‘நாயைக் கட்டிப்போடவும்’ என்பதை வீட்டுக்காரர் பிறகு சேர்த்தார்.