ஊதுகுழலும் செயலியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொலுசு வேலை பழக, படிப்படியாகப் பேசிச் சொல்லித்தரும் ஒரு செயலி செய்கிறோம். கையில் வேலை இருக்கும்போது போனைத் தொட வேண்டாம். ‘அடுத்து’, ‘திரும்பச் சொல்’ என்று சொன்னால் போதும். விடுதி அறையில் நண்பர்களிடம் செம்புக் கம்பி கொடுத்துச் சோதித்தோம். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இன்னும் எத்தனை பேரை வைத்துப் பார்க்க வேண்டும்?

எஸ்., அம்மாபேட்டை

அன்புள்ள எஸ்.,

இப்படிச் சோதிக்க ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை நீங்களும் படித்திருப்பீர்கள். அதை விடுங்கள். உங்கள் விடுதியில் ஐந்நூறு பேரை உட்காரவைத்தாலும் ‘சூப்பர்டா’தான் வரும். நண்பனிடம் அபிப்பிராயம் கேட்பதற்குப் பெயர் சோதனையா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கொலுசு வளையங்களைத் தீயில் காட்டிப் பற்றவைப்பார். ஒரு கையில் இடுக்கி, மறு கையில் தீயை ஊதிச் செலுத்தும் ஊதுகுழல், குழலின் நுனி வாயில். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டு, உப்பிய கன்னம் வற்றாமல் ஊதுவார். நாங்கள் ஏதாவது கேட்டால் புருவம்தான் பதில் சொல்லும். அவர் எந்த வாயால் உங்கள் ‘அடுத்து’ சொல்வார்?

இப்போது கேஸ் டார்ச் வந்துவிட்டது, வாய்க்கு விடுதலை. சரி, கவனத்துக்கு? வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும். இணைப்பை ஒட்டவைக்கும் உலோகக் கலவையான பற்றாசு அதற்கு முன்பே உருகிவிடும். பற்றாசு ஓடிப் பிடிக்க வெண்காரம் தடவிய இணைப்பில் அது சட்டென்று மினுங்கி ஓடும்போதே தீயை விலக்கியாக வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் மெல்லிய வளையமே உருண்டுபோகும். அந்த நேரம் பார்த்து உங்கள் செயலி ‘மிக நன்று, அடுத்த படி’ என்று வாயைத் திறந்தால் பழகுகிறவன் திரும்பிப் பார்ப்பான். வளையம் போச்சு. செயலி எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று யாராவது யோசித்தீர்களா? விடுதி அறையில் தீயே இல்லையே, தம்பி, எப்படித் தோன்றும்!

இன்னொன்று. ‘மனசில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்’ என்று வந்தவரிடம் கேட்பது இந்தச் சோதனைகளில் வழக்கம். அவர் ‘அடுத்து இதை எங்க வைக்கிறது’ என்று முனகுவார். செயலி அடுத்த பாடத்துக்குத் தாவிவிடும். அவரைப் பேசவைக்காதீர்கள். வீடியோ எடுத்து, வேலை முடிந்ததும் கூட உட்கார்ந்து போட்டுப் பார்த்துக் கேளுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கொலுசு வேலைக்காக இப்படி மெனக்கெடும் பிள்ளைகளைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சிவதாபுரம் பக்கம் ஒரு பட்டறையில் கேட்டுப் பாருங்கள், ஒரு நாள் உட்கார விடுவார்கள். டார்ச் இரைச்சலிலும் பாலிஷ் மோட்டார் சத்தத்திலும் உங்கள் மைக்குக்கு என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.